ஃபுல் ஃப்ரேம் லென்ஸ், கிராப் கேமரா: ஐம்பது எப்போதும் ஐம்பதுதான்

"ஏனுங்க, இந்த அம்பது எம்எம் ஃபுல் ஃப்ரேம் லென்ஸுங்களா? அப்ப நம்ம பாடியில மாட்டுனா எழுபத்தஞ்சு ஆயிருமுங்களே?"

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் கல்யாண போட்டோ எடுப்பவர்கள் நடுவே லென்ஸ் பேச்சு வந்தாலே இந்தக் கேள்வியும் கூடவே வரும். (பாடி என்றால் லென்ஸ் நீங்கலான கேமரா; இங்கே, படம் பதியும் சென்சார் சிறிதாக உள்ள கிராப் கேமரா.) "ஆமா, ஆயிரும்" என்பார் ஒருவர். "அதுக்குத்தான் கிராப் லென்ஸ் வாங்கோணும், அதுல அம்பது அம்பதாவே இருக்கும்" என்பார் பக்கத்தில் இருப்பவர். இரண்டாமவர் சொல்வது முழுத் தவறு. முதலாமவர் சொல்வது பாதி சரி. ஆனால் எந்தப் பாதி சரி என்று தெரியாமல் லென்ஸ் வாங்கினால், பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியது மண்டபத்தில் உதவாமல் பைக்குள்ளேயே கிடக்கும்.

லென்ஸும் சென்சாரும் ஆளுக்கு என்ன வேலை செய்கின்றன என்று பிரித்துப் பார்த்துவிட்டால் இந்தக் குழப்பம் முழுவதும் தீர்ந்துவிடும்.

எட்டு முழ வேட்டியும் நாலு முழ வேட்டியும்

ஊர் நோம்பியில், அதாவது திருவிழாவில், ஒரு எட்டு முழ வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புரொஜெக்டரை அசைக்காமல், அந்த வேட்டியை அவிழ்த்துவிட்டு அதே இடத்தில் நாலு முழ வேட்டியைக் கட்டினால் என்ன ஆகும்? நாயகனின் முகம் பெரிதாகாது, சிறிதாகவும் ஆகாது. திரையின் ஓரங்களில் விழுந்த காட்சி மட்டும் துணிக்கு வெளியே போய்விடும். நடுவில் இருப்பது அப்படியே இருக்கும்.

கேமராவுக்குள் நடப்பதும் இதேதான். லென்ஸ் தன் பின்பக்கம் ஒரு வட்டமான பிம்பத்தைப் போடுகிறது. அதைப் பிம்ப வட்டம் என்போம். அந்த வட்டத்துக்குள் ஒரு செவ்வகமாக உட்கார்ந்து வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லுதான் சென்சார். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. பழைய 35 எம்எம் ஃபிலிமின் அளவு அது. ஏபிஎஸ்-சி எனப்படும் கிராப் சென்சார் நிக்கான், சோனி பாடிகளில் ஏறத்தாழ 23.5க்கு 15.6 மில்லிமீட்டர். கேனானில் இன்னும் கொஞ்சம் சிறிது, 22.3க்கு 14.9.

ஃபுல் ஃப்ரேம் லென்ஸ் என்றால் 36க்கு 24 செவ்வகத்தை மூலை வரை நிரப்பும் அளவுக்குப் பெரிய வட்டம் போடும் லென்ஸ். அந்த வட்டத்தின் விட்டம் குறைந்தது 43 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கிராப் லென்ஸுக்கு 28 மில்லிமீட்டர் வட்டமே போதும். இரண்டு வகைக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இந்த வட்டத்தின் அளவு மட்டுமே. பின்னால் எந்த பாடி இருக்கிறது என்பதால் லென்ஸ் போடும் பிம்பம் மாறுவதில்லை.

கூழைக்கடா எத்தனை மில்லிமீட்டர்?

இதைக் கணக்காகப் பார்ப்பது நல்லது. ஈரோட்டுக்குப் பக்கத்தில் வெள்ளோடு பறவைகள் காப்பகத்திலோ திருப்பூர் நஞ்சராயன் குளத்திலோ கரையில் நின்று, 60 மீட்டர் தள்ளி மிதக்கும் ஒரு கூழைக்கடாவை 300 எம்எம் லென்ஸில் எடுக்கிறீர்கள். பறவை ஏறத்தாழ 1.4 மீட்டர் நீளம்.

லென்ஸ் மீது எழுதியிருக்கும் 300 என்பது ஃபோக்கல் லெங்த். தூரத்தில் இருக்கும் பொருளின் பிம்பம் சென்சார் மேல் எவ்வளவு பெரிதாக விழும் என்பதைத் தீர்மானிக்கும் எண் அது. பொருளின் அளவை ஃபோக்கல் லெங்தால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால் பிம்பத்தின் அளவு கிடைக்கும். 1.4 × 300 ÷ 60 = 7. ஆக, கூழைக்கடா சென்சார் மேல் 7 மில்லிமீட்டர் நீளத்துக்கு விழுகிறது.

இந்தக் கணக்கில் சென்சாரின் அளவு எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஃபுல் ஃப்ரேம் பாடியிலும் 7 மில்லிமீட்டர், கிராப் பாடியிலும் அதே 7 மில்லிமீட்டர். ஆனால் 36 மில்லிமீட்டர் அகலத்தில் 7 என்பது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு, 23.5 மில்லிமீட்டரில் அதே 7 கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. இரண்டு படங்களையும் ஒரே அளவில் திரையில் பார்க்கும்போது கிராப் படத்தில் பறவை பெரிதாகத் தெரிவது இதனால்தான்.

அப்படியென்றால் பறவை எடுப்பவர்களுக்குக் கிராப் பாடியால் நிஜமான லாபம் உண்டா? உண்டு, ஆனால் அது வருவது பிக்சல் நெருக்கத்திலிருந்து. 24 மெகாபிக்சல் கேமரா ஒன்றில் அகலவாக்கில் 6000 பிக்சல் இருக்கும். அவை 36 மில்லிமீட்டரில் பரவியிருந்தால் நம் கூழைக்கடாவுக்கு சுமார் 1170 பிக்சல் கிடைக்கும். அதே 6000 பிக்சல் 23.5 மில்லிமீட்டருக்குள் அடைந்திருந்தால் சுமார் 1790 கிடைக்கும். இறகின் கோடுகள் கூடுதலாகப் பிடிபடும். ஆனால் 45 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் எடுத்து ஓரங்களை வெட்டினாலும் பறவைக்கு சுமார் 1600 பிக்சல் இருக்கும். எனவே "கிராப் என்றால் கூடுதல் ஜூம்" என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எந்த பாடிக்கு எதிரே எந்த பாடி என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டும் டெலிகன்வெர்ட்டரோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1.4 டெலிகன்வெர்ட்டர் பிம்பத்தையே உண்மையில் பெரிதாக்கும். பதிலுக்கு ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளும். கிராப் சென்சார் எதையும் பெரிதாக்குவதில்லை, அதனால் வெளிச்சத்தையும் குறைப்பதில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: லென்ஸ் போடும் பிம்பம் மாறாது, அதில் எவ்வளவு பரப்பைச் சென்சார் பிடிக்கிறது என்பதே மாறுகிறது.

பிறகு 1.5 எதற்கு?

36ஐ 23.5ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.5. கேனானின் 22.3ஆல் வகுத்தால் 1.6. இந்த எண்ணுக்குத்தான் கிராப் ஃபேக்டர் என்று பெயர். "50 எம்எம் கிராப்பில் 75" என்றால், கிராப் பாடியில் 50 எம்எம் லென்ஸ் காட்டும் பரப்பை ஃபுல் ஃப்ரேம் பாடியில் பிடிக்க 75 எம்எம் லென்ஸ் வேண்டும் என்று பொருள். ஒப்பிட்டுச் சொல்லும் பேச்சு அது. லென்ஸில் எதுவும் மாறிவிடவில்லை.

கிராப் லென்ஸில் இந்தப் பெருக்கலை ஏற்கெனவே செய்துவிட்டுத்தான் எண் போடுகிறார்கள் என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. எந்த லென்ஸாக இருந்தாலும் அதன் மேல் எழுதுவது உண்மையான ஃபோக்கல் லெங்த்தான். கிராப் லென்ஸில் 35 என்று எழுதியிருந்தாலும், ஃபுல் ஃப்ரேம் லென்ஸில் 35 என்று எழுதியிருந்தாலும், உங்கள் கிராப் பாடியில் இரண்டும் காட்டுவது ஒரே பரப்பு. சோதித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பாடியோடு வந்த 18-55 கிட் லென்ஸை 50இல் வைத்து, டிரைபாடில் நின்று, எதிர் வீட்டு கேட்டை ஒரு படம் எடுங்கள். டிரைபாடை நகர்த்தாமல் ஃபுல் ஃப்ரேம் 50 எம்எம்மை மாட்டி இன்னொன்று எடுங்கள். ஓரத்தில் நூலிழை வித்தியாசம் இருக்கலாம், லென்ஸ் எண்களை முழு எண்ணாக்கி எழுதுவதால் வருவது அது. 50க்கும் 75க்கும் உள்ள வித்தியாசம் இருக்கவே இருக்காது.

இதுவரை கிராப் பாடியில் மட்டுமே படம் எடுத்து வருபவருக்குக் கிராப் ஃபேக்டர் பெரும்பாலும் தேவையே இல்லை. உங்கள் பாடியில் 18 எவ்வளவு அகலம், 55 எவ்வளவு நெருக்கம் என்று கை பழகியிருக்கும். புதிதாக வாங்கும் லென்ஸையும் அந்தப் பழக்கத்தில் வைத்தே அளக்கலாம்.

மண்டபத்தில் உதவும் ஒரே கணக்கு

பெருக்கல் எண்ணைவிட நூறு மடங்கு பயனுள்ளது தூரக் கணக்கு. எடுக்க வேண்டிய காட்சியின் அகலத்தை ஃபோக்கல் லெங்தால் பெருக்கி, சென்சாரின் அகலத்தால் வகுத்தால், எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பது கிடைத்துவிடும்.

முகூர்த்தம் முடிந்து பங்காளி வகையறா மொத்தமும் மேடை ஏறுகிறது. வரிசை 6 மீட்டர் அகலம். கையில் இருப்பது 24-70 எஃப் 2.8, கல்யாண வேலைக்கென்றே எல்லோரும் ஆசைப்படும் ஃபுல் ஃப்ரேம் லென்ஸ். அதை 24இல் வைத்தால் ஃபுல் ஃப்ரேம் பாடிக்கு 6 × 24 ÷ 36, அதாவது 4 மீட்டர் தள்ளி நின்றால் போதும். 23.5 சென்சாருக்கு 6.1 மீட்டர், கேனான் கிராப்புக்கு கிட்டத்தட்ட 6.5 மீட்டர் வேண்டும். அந்த இரண்டு, இரண்டரை மீட்டர் பல மண்டபங்களில் கிடைக்காது. மேடையின் விளிம்பு, வீடியோ லைட் ஸ்டாண்டு, முதல் வரிசை நாற்காலிகள் எல்லாம் அந்த இடத்தில்தான் இருக்கும். ஓரத்தில் நிற்கும் இரண்டு பெரியப்பாக்கள் படத்தில் இல்லாமல் போய்விடுவார்கள். வீட்டுக்குள் வைத்து இணைச்சீர்ச் சடங்கு செய்யும்போது நிலைமை இன்னும் மோசம், பின்னால் நகரச் சுவர் விடாது. அதே 6 மீட்டர் வரிசையை 16 எம்எம்மில் தொடங்கும் ஒரு கிராப் ஜூம் 4.1 மீட்டரில் முடித்துவிடும். 24-70 எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் கிராப் பாடியில் அது அகலமான லென்ஸ் அல்ல.

இன்னொரு இடம், திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஆன்லைன் விற்பனைப் படம் எடுக்கும் சிறு அறை. டி-ஷர்ட்டை மேசையில் விரித்து நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். ஓர இடைவெளியையும் சேர்த்து நீளவாக்கில் 1 மீட்டர் வேண்டும். 50 எம்எம் லென்ஸும் கிராப் பாடியும் என்றால் 1 × 50 ÷ 23.5, துணிக்கு மேலே சுமார் 2.1 மீட்டர் உயரத்தில் கேமரா இருக்க வேண்டும். மேசை முக்கால் மீட்டர். இரண்டையும் கூட்டினால் 2.9 மீட்டருக்குப் பக்கம் வந்துவிடும், பத்தடி கூரையில் கேமரா இடிக்கும். 35 எம்எம் போட்டால் ஒன்றரை மீட்டரில் வேலை முடியும். துணியைத் தரையில் விரித்து ஏணி மேல் ஏறி நிற்கும் சிரமம் பல இடங்களில் இந்த ஒரு கணக்கைப் போடாததால் வருவது.

மாப்பிள்ளை, பெண்ணின் தனிப்படங்களில் மட்டும் கணக்கு கிராப்புக்குச் சாதகமாகத் திரும்புகிறது. கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்து, இடுப்புக்கு மேல் 0.9 மீட்டர் உயரத்தை 50 எம்எம்மில் எடுக்க ஃபுல் ஃப்ரேமில் 1.25 மீட்டர் நெருங்க வேண்டும். அவ்வளவு பக்கத்தில் போனால் மூக்கு கொஞ்சம் பெரிதாகவும் காது சிறிதாகவும் தெரியத் தொடங்கும். கிராப்பில் 1.9 மீட்டரில் நிற்பதால் முக அமைப்பு இயல்பாக வரும். முகத்தின் இந்த அமைப்பை, அதாவது பெர்ஸ்பெக்டிவை, முடிவு செய்வது நிற்கும் தூரம் மட்டும்தான். லென்ஸுக்கோ சென்சாருக்கோ அதில் நேரடிப் பங்கு இல்லை. 50 எம்எம் எஃப் 1.8 கிராப் பாடிக்காரர்களின் செல்ல லென்ஸாக இருப்பதற்கு விலையோடு இதுவும் ஒரு காரணம்.

எஃப் 1.8ம் மாறிவிடுமா?

வெளிச்சக் கணக்கில் மாறாது. அபெர்ச்சர் என்பது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளை. எஃப் எண் அந்தத் துளைக்கும் ஃபோக்கல் லெங்துக்கும் உள்ள விகிதம். அதே எஃப் 1.8, அதே ஷட்டர் ஸ்பீடு (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்), அதே ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன் அளவு) வைத்தால் இரண்டு பாடியிலும் படம் ஒரே பிரகாசத்தில் வரும். லைட் மீட்டர் சொல்லும் அளவை எதனாலும் பெருக்க வேண்டாம்.

அதிகாலை முகூர்த்தத்தில் ஐஎஸ்ஓ 3200க்கு மேல் போகும்போது கிராப் படத்தில் புள்ளி அதிகம் தெரிவது வேறு காரணத்தால். ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் பரப்பு இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது, ஆகவே மொத்தத்தில் அது சேகரிக்கும் வெளிச்சமும் அதே அளவு கூடுதல். நடைமுறையில் ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல் வித்தியாசம் இருக்கும்.

பின்னணி மங்கலைப் பற்றித்தான் அதிகம் வாக்குவாதம் நடக்கிறது. கூர்மையாகத் தெரியும் ஆழத்துக்கு டெப்த் ஆஃப் ஃபீல்டு என்று பெயர்; அது குறைந்தால் பின்னணி நன்றாகக் கரையும். "கிராப்பில் பிளர் வராது" என்பவர்கள், அதே சட்டகத்தைப் பிடிக்கத் தாங்கள் பின்னால் நகர்ந்துவிட்டதை மறந்துவிடுகிறார்கள். ஒரே லென்ஸ், ஒரே எஃப் எண்ணில் 1.25 மீட்டரிலிருந்து 1.9 மீட்டருக்கு நகர்ந்தால், கிராப் படத்தின் ஆழம் ஃபுல் ஃப்ரேம் படத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கூடிவிடும். நகராமல் நின்ற இடத்திலேயே எடுத்தால் கதை தலைகீழ்: கிராப் படத்தை அதே அச்சு அளவுக்குக் கொண்டுவர அதிகம் பெரிதாக்க வேண்டியிருப்பதால் ஆழம் கொஞ்சம் குறைவாகவே தெரியும், சட்டகம் நெருக்கமாகிவிடும். இரண்டு தரப்பும் வேறு வேறு சோதனைகளைச் செய்துவிட்டு ஒன்றையே பேசுவதாக நினைக்கிறார்கள். கிராப் பாடியில் 50 எம்எம் எஃப் 1.8 தரும் அதே தோற்றத்தை ஃபுல் ஃப்ரேமில் பெற, அதே இடத்தில் நின்று 75 எம்எம்மை எஃப் 2.7 அளவில் வைக்க வேண்டும்.

ஷட்டர் ஸ்பீடில் மட்டும் 1.5ஐப் பெருக்கியே ஆக வேண்டும். கையில் பிடித்து எடுக்கும்போது 200 எம்எம்முக்கு 1/200 போதும் என்ற பழைய விதி ஃபுல் ஃப்ரேமுக்கானது. கிராப்பில் கை நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகத் தெரியும், ஆகவே 1/320க்குக் கீழே இறங்க வேண்டாம்.

சுருக்கமாக: பிரகாசத்துக்குப் பெருக்கல் இல்லை, கை நடுக்கத்துக்கு உண்டு, மங்கல் நீங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

கூர்மை கூடுமா, குறையுமா?

இரண்டும் நடக்கும். எந்த லென்ஸும் நடுவில் நன்றாகவும் ஓரத்தில் சற்றுத் தளர்ந்தும் இருக்கும். கிராப் சென்சார் பிம்ப வட்டத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதால் மூலை இருட்டும் மூலைக் குழைவும் பெரும்பாலும் வெளியே போய்விடும். எஃப் 1.8இல் முழுதாகத் திறந்து எடுக்கும்போது இது நன்றாகத் தெரியும்.

ஆனால் அந்த நடுப்பகுதியிடம் கிராப் சென்சார் அதிகம் கேட்கிறது. 24 மெகாபிக்சல் கிராப்பின் பிக்சல் நெருக்கத்தை ஃபுல் ஃப்ரேம் அளவுக்கு விரித்தால் 55 மெகாபிக்சலைத் தாண்டும். ஃபிலிம் காலத்து மலிவு 70-300 லென்ஸ் ஒன்றை அதில் மாட்டி, 300இல் வைத்து வால்பாறையில் மர உச்சியில் இருக்கும் இருவாச்சியை எடுத்தால், ஃபோகஸ் சரியாக இருந்தும் அலகின் விளிம்பு சோப்பு தேய்த்ததுபோல் இருக்கும். பாடியைக் குறை சொல்ல வேண்டாம். அந்த லென்ஸ் இவ்வளவு நெருக்கமான பிக்சலுக்காகச் செய்யப்பட்டதல்ல. எஃப் 8 வரை மூடினால் ஓரளவு தேறும்.

பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. வட்டத்தின் மிச்ச வெளிச்சம் சென்சாருக்கு வெளியே பாடியின் உட்சுவரில் விழுகிறது. எதிர் வெயிலிலோ மேடை லைட்டுக்கு எதிரிலோ அது சிதறிப் படத்தை வெளுக்கச் செய்யலாம். பக்க வெளிச்சத்தை மறைக்க லென்ஸ் முனையில் மாட்டும் ஹூடும், ஃபுல் ஃப்ரேம் லென்ஸோடு வருவது, அகலமான பார்வைக்கென்று குட்டையாகச் செய்யப்பட்டிருக்கும். கிராப் பாடியில் அதைவிட ஆழமான ஹூடு போட்டாலும் மூலை மறையாது. மலிவான ரப்பர் ஹூடே இதற்குப் போதும்.

பணம் கொடுக்கும் முன்

லென்ஸ் பாடியில் உட்காரும் உலோக வளையத்துக்கு மவுண்ட் என்று பெயர். பழைய லென்ஸ் வாங்குபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

கேனான் டிஎஸ்எல்ஆரில், அதாவது உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி உள்ள கேமராவில், கதை எளிது. இஎஃப் என்று எழுதியிருக்கும் ஃபுல் ஃப்ரேம் லென்ஸ், சிவப்புப் புள்ளி உள்ளது, கிராப் பாடி அனைத்திலும் ஆட்டோஃபோகஸோடு முழுதாக வேலை செய்யும். வெள்ளைச் சதுரம் உள்ள இஎஃப்-எஸ் லென்ஸ் மட்டும் ஃபுல் ஃப்ரேம் பாடியில் ஏறாது. அந்தக் கண்ணாடி இல்லாத, மிரர்லெஸ் எனப்படும் ஆர் வரிசைக்கு மாறினால் அடாப்டர் போட்டு இஎஃப் லென்ஸைத் தொடரலாம். திரும்பும் வழி கிடையாது, ஆர்எஃப் லென்ஸை டிஎஸ்எல்ஆரில் மாட்டவே முடியாது.

நிக்கானில் கவனம் தேவை. டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. மலிவாகக் கிடைக்கிறது என்று 50 எம்எம் எஃப் 1.8டி வாங்கினால் வளையத்தில் சரியாக உட்காரும், படமும் எடுக்கும், ஆனால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. மணமேடையில் கையால் திருகிக்கொண்டிருக்க வேண்டியதுதான். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் வகை, 1.8ஜி போன்றது, அந்த பாடிகளுக்குச் சரி. டி7000 வரிசையில் பாடிக்குள்ளேயே மோட்டார் உண்டு, அதில் டி லென்ஸும் ஓடும்.

சோனியில் இ மவுண்ட் கிராப் பாடிக்கு எஃப்இ ஃபுல் ஃப்ரேம் லென்ஸ் அப்படியே பொருந்தும். அங்கே பார்க்க வேண்டியது அதிர்வுத் தடுப்பு. ஃபுல் ஃப்ரேம் பாடிகள் பலவற்றில் சென்சாரே அசைந்து நடுக்கத்தைச் சமாளிப்பதால், லென்ஸுக்குள் அந்த வசதியை வைக்காமல் விட்டிருப்பார்கள். அந்த லென்ஸை சோனி ஏ6400, நிக்கான் இசட்50, கேனான் ஆர்50 போன்ற பாடிகளில் மாட்டும்போது இரண்டு பக்கமும் தடுப்பு இல்லாமல் போகும். வீடியோ எடுப்பவர்களை இது உடனே பாதிக்கும்.

"பின்னாடி ஃபுல் ஃப்ரேம் வாங்கப்போறோம், அதனால இப்பவே எல்லா லென்ஸையும் ஃபுல் ஃப்ரேமா வாங்கிடலாம்" என்ற யோசனையில் பாதிதான் நல்லது. அகலமான லென்ஸைக் கிராப்புக்கென்றே வாங்குங்கள். 10-18, 11-16, 17-50 எஃப் 2.8 போன்றவை செய்யும் வேலையை அதே விலையில் ஃபுல் ஃப்ரேம் லென்ஸ் எதுவும் உங்கள் கிராப் பாடியில் செய்யாது. நாளை பாடி மாறினால் அவற்றை விற்றுவிடலாம். அதற்குள் எத்தனையோ மண்டபங்களில் அவை உழைத்திருக்கும். நீளமான லென்ஸில் எதிர்மாறு. 300 எம்எம் எஃப் 4 என்றால் முன்கண்ணாடி குறைந்தது 75 மில்லிமீட்டர் விட்டம் இருந்தே ஆக வேண்டும். சென்சாரைச் சிறிதாக்கினாலும் அந்தக் கண்ணாடி சிறுக்காது, எடையும் விலையும் பெரிதாகக் குறையாது. நல்ல டெலி லென்ஸ்களில் பெரும்பாலானவை ஃபுல் ஃப்ரேமாகவே வருவது அதனால்தான். அங்கே தயங்காமல் ஃபுல் ஃப்ரேம் லென்ஸையே எடுக்கலாம்.